பக்கீர் முகமதுவின் இரண்டு கிதார்கள்

தன்னுடைய கிதாரையே காசு கொடுத்து வாங்கியவன் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான். அவன் பெயர் பக்கீர் முகமது. கேட்டதும் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவன் சிநேகிதன் சாமியப்பன் மேல் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பக்கீர் முதலிபாளையம் தொழில் எஸ்டேட்டில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், மோட்டார் மெஷினில் தைப்பவன். அவனுக்கு லேபிள் வேலை. கழுத்துப் பட்டியில் பெயர் போட்ட லேபிள், பக்கத் தையலில் துவைக்கும் முறையைப் படமாகப் போட்ட சின்ன லேபிள், இரண்டையும் வைத்துத் தைத்துத் தள்ளுவான். ஒரே துணி, ஒரே கட்டிங், ஒரே சாயம். காலையில் ஜெர்மனிக்காரன் பெயர், மத்தியானம் இத்தாலிக்காரன் பெயர். "நாலு மணி டீக்கு அப்புறம் அதே பனியன் பிரான்சுக்காரன் ஆயிருமுங்க" என்று அவனே கேலி பேசுவான். லேபிளை நம்பாதே என்று ஊருக்கே புத்தி சொல்லக்கூடிய ஆள். அவனைத்தான் லேபிளை வைத்து ஏமாற்றினார்கள்.

சாமியப்பன் எங்கள் இன்னிசைக் குழுவின் தலைவன். கீபோர்டு வாசிப்பான், மைக்கும் அவன் கையில்தான். நான் டோலக், பக்கீர் கிதார். கல்யாணம், கோயில் நோம்பி, கம்பெனி ஆயுத பூஜை என்று உடுமலையிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் வாசித்திருக்கிறோம். சாமியப்பனும் பக்கீரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பக்கீரின் நிக்காஹுக்குப் பந்தல் போட்டதிலிருந்து பிரியாணி பரிமாறியது வரை சாமியப்பன்தான் ஓடினான். சாமியப்பன் ஒன்று சொல்லிவிட்டால் பக்கீர் அதற்கு மேல் யாரையும் விசாரிக்க மாட்டான். கூடப்பிறந்தவர்களுக்குள் கூட அப்படி ஒரு நம்பிக்கையை நான் பார்த்ததில்லை.

பழைய கிதார் சிவப்பு நிறம். கல்கத்தாவில் செய்தது. எண்பத்து மூன்றில் கோயமுத்தூர்க் கடையில் இருந்ததிலேயே மலிவான எலெக்ட்ரிக் கிதார் அதுதான். கடைக்காரரே "பழகறதுக்குப் போதுமுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதற்குச் சில வியாதிகள் இருந்தன. தலை கனம் அதிகம், தோளில் மாட்டிக் கையை விட்டால் கழுத்துப் பக்கம் சாய்ந்துவிடும். மூன்றாவது கம்பியை முறுக்கும் சாவி பாட்டு பாதியில் தளரும். கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து சத்தத்தை வாங்கி ஒயரில் அனுப்பும் பிக்கப் குழிக்குள் கடகடவென்று ஆடும். ஆட்டத்தை நிறுத்துவதற்குப் பக்கீர் அதைக் கழற்றி, கம்பெனியில் கழித்த லேபிள்களை மடித்து அடியில் திணித்தான். அந்த லேபிள்களில் இஸ்திரிப் பெட்டியின் படம் தலைகீழாக அச்சாகியிருந்தது. லாட் முழுவதையும் முதலாளி எரிக்கச் சொல்லிவிட்டார். எரிப்பதற்கு முன்னால் இவன் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

வியாதிகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அந்தக் கிதார் நன்றாகத்தான் பாடியது. ஆனால் அதன் விலை எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதனால் ஒருவரும் அதைப் பாராட்டவில்லை. பக்கீரும் பாராட்டவில்லை. கை தவறினால்கூட "நம்ம பொட்டி சரியில்லீங்க" என்று பழியை அதன் மேல் போடுவான்.

எண்பத்து ஒன்பதில் கோயமுத்தூரிலிருந்து ஒரு குழு எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் வர ஆரம்பித்தது. அவர்களிடம் பளபளவென்று வெளிநாட்டுக் கிதார். கல்யாண வீட்டுக்காரர்கள் எங்களிடமும் கேட்க ஆரம்பித்தார்கள், "உங்ககிட்ட பாரின் கிதாரு இருக்குதுங்களா?" ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் சாமியப்பன் பக்கீரைக் கூப்பிட்டான்.

"இனி இந்தக் கிதார வச்சுட்டு ஓட்ட முடியாது பக்கீரு. பாரின் இல்லீன்னா நான் கோயமுத்தூர்ல இருந்து வேற ஆளத்தான் கூப்புடோணும்" என்றான்.

பக்கீருக்கு முகம் செத்துவிட்டது. வாரம் முழுக்க அடுத்தவன் பெயரைத் தைத்துக் கொடுக்கிற ஆள் அவன். ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறினால்தான் அவன் பெயரை ஒருவர் மைக்கில் சொல்லுவார். அந்த இடம் போனால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது? சாமியப்பனே வழியும் சொன்னான். தெரிந்தவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கிதார் கொண்டுவந்திருக்கிறார், பேசி முடித்துத் தருகிறேன், பழையதையும் சேர்த்துக் கொடுத்தால் விலை குறையும் என்றான். பக்கீர் சீட்டுப் பணத்தை எடுத்தான், பழைய கிதாரையும் கொடுத்தான். "தொலஞ்சுது சனி" என்று சொல்லித்தான் கொடுத்தான்.

ஒரு மாதம் கழித்துப் புதுப் பையில் கறுப்புக் கிதார் வந்தது. தலை வேறு வடிவம். குமிழ்கள் வெள்ளை. தலையில் தங்க எழுத்தில் ஒரு வெளிநாட்டுப் பெயர். மாட்டி நாலு சுரம் வாசித்தான் பக்கீர். எங்கள் எல்லாருக்கும் புல்லரித்தது, பொய் சொல்லக் கூடாது. அவன் எழுந்து சாமியப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். சாமியப்பன் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

ஆறு வருஷம் வாசித்த கிதார் அடையாளம் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். அது சிங்கப்பூரிலிருந்து வந்தது என்று சாமியப்பன் சொன்னான், பக்கீருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? தலை கனப்பதைக்கூட "பாரின் மரமில்லீங்களா, கனமாத்தான் இருக்கும்" என்று எங்களுக்கு விளக்கினான். அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஊர் ஊராக "சிங்கப்பூர்க் கிதாரில் பக்கீர் முகமது" என்று சாமியப்பன் மைக்கில் முழங்குவான். கைதட்டல் விழும். பக்கீரின் கையும் முன்னைப்போல் இல்லை, பயம் விட்டுப் பறந்தது.

தொண்ணூற்று ஒன்றில் ஒரு நாள் பிக்கப்பில் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் வந்தது. ஒயர் விட்டிருக்கும் என்று பக்கீர் தன் வீட்டில் கிதாரை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினான். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பிக்கப்பைத் தூக்கினான். அடியில் மடித்த சாட்டின் துணிகள். ஒன்றைப் பிரித்தான். தலைகீழ் இஸ்திரிப் பெட்டி. இன்னொன்றைப் பிரித்தான். அதிலும் அதே.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் வைத்துக்கொண்டே போனான். தன் கையால் மடித்த மடிப்பு அவனுக்குத் தெரியாதா? கடைசியில் ஒரு கத்தியை எடுத்துக் கிதாரின் அடிப்பக்கம் லேசாகச் சுரண்டினான். கறுப்புக்குக் கீழே சிவப்பு இருந்தது.

இரண்டு பேரும் சாமியப்பன் வீட்டுக்குப் போனோம். அவன் கொஞ்சம்கூடப் பதறவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

"ஆமா, அதேதான். இப்ப என்ன?" என்றான். "உன்ற கிதாரு நல்ல கிதாரு பக்கீரு, உனக்குத்தான் அது தெரியல. சாவியக்கூட மாத்தல. கோயமுத்தூர்ல ஒருத்தன் சாவித் திருகாணிய முடுக்கி, கம்பி உக்கார்ற பள்ளத்த அரத்துல ராவி, கம்பிய எறக்கிக் குடுத்தான். தலையக் கொஞ்சம் அறுத்தோம். மத்ததெல்லாம் பெயிண்டு. இத நான் சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா? பாரின்னு சொன்னதும் கையி எப்புடி ஓடுச்சு பாத்தியா?"

"சீட்டுக் காசு?" என்று கேட்டது நான்தான். பக்கீர் கேட்கவில்லை.

"அதுலதான் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். அவன் வாசிக்கறதே அதுலதானுங்க. ட்ரூப்புக்குத்தான போச்சு?"

திருடனுக்கு இப்படி நியாயம் பேச வரக் கூடாது. பேசியதில் பாதி நிஜமாக வேறு இருந்து தொலைத்தது. பக்கீர் நின்றபடியே சொன்னான்.

"காசு கெடக்குது, உடு. அன்னைக்கு உன்னக் கட்டிப் புடிச்சு அழுதனே சாமியப்பா. அப்பக்கூட நீ வாயத் தொறக்கல. முதுகத் தட்டிக் குடுத்த."

சாமியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தன ஊர்ல மைக்குல பாரின் கிதாருன்னு சொல்லியிருப்ப? ஒரே ஒரு ஊர்ல உள்ளதச் சொல்லு. பக்கீரு வாசிக்கறது கல்கத்தா கிதாருன்னு சொல்லு. அதுக்கப்புறம் நான் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"சொல்றேன்" என்றான் சாமியப்பன். "ஞாயித்துக்கெழம வெள்ளகோவில்ல சொல்லிப்போடறேன். சத்தியம்."

பக்கீர் வீட்டுக்கு வந்து தங்க எழுத்தை பிளேடால் சுரண்டி எடுத்தான். லேபிள்களைப் பழையபடி மடித்து உள்ளே வைத்தான். அவனுடைய கோபம் பாதி தணிந்திருந்ததைப் பார்த்தேன். சத்தியம் செய்தவன் சாமியப்பன் ஆயிற்றே!

வெள்ளகோவில் கல்யாண வரவேற்பில் கூட்டம் நெருக்கியடித்தது. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் சாமியப்பன் மைக்கை எடுத்தான். பக்கீர் நிமிர்ந்து நின்றான், சட்டையைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டான். "அடுத்து," என்றான் சாமியப்பன், "சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த கிதாரில், நமது பக்கீர் முகமது!"

கைதட்டல் விழுந்தது. பக்கீர் அவனையே பார்த்தான். சாமியப்பன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை, என்னைப் பார்த்துத் தாளத்துக்குச் சைகை காட்டினான். பக்கீர் வாசித்தான். கல்யாண வீட்டை அவன் கெடுக்கவில்லை, ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. தலையை மட்டும் கடைசிவரை நிமிர்த்தவில்லை.

"பார்ட்டிக்காரரு பாரின் கிதாருன்னுதான் புக் பண்ணுனாரு பக்கீரு, அடுத்த புரோக்ராம்ல சொல்லிரலாம்" என்று மேடைக்குப் பின்னால் சாமியப்பன் சமாதானம் சொன்னான். பக்கீர் கிதாரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

மறுநாள் மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தான். வெட்கத்தில் அதுவரை மனைவி சைதுன்னிசாவிடம் எதையும் சொல்லாமல் இருந்தவன், அப்போதுதான் வாய் திறந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டாள். ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்ப இருந்து?"

"வந்த அன்னைக்கே. கூட்டறப்ப எடுத்துச் செவுத்துல சாத்தி வச்சேன், பழசு மாதிரியே கழுத்துப் பக்கம் சாஞ்சுது. ஆறு வருசமா தெனமும் எடுத்து வச்சவ, எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"சோறுகூடத் திங்காம வாசிச்சுட்டே இருந்தீங்க. இனி என்னைய யாரும் ட்ரூப்ப உட்டு நிறுத்த முடியாதுன்னு சொன்னீங்க. அப்ப எப்புடிங்க சொல்றது? அந்தப் பழசுலயும் நீங்க அப்புடித்தானுங்க வாசிச்சீங்க."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றான் பக்கீர்.

"எனக்கும் தெரியாதுப்பா" என்றேன் நான். சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே போட்டு உடைத்திருப்பேன். ஆனால் அவன் என்னைப் பார்த்த பார்வையில் அதை நம்பினதாகத் தெரியவில்லை. சாமியப்பன் செய்த வேலையில் எனக்கு மிகவும் வலித்தது அந்தப் பார்வைதான்.

மனைவியோடு அவனுக்குச் சமாதானமாகிவிட்டது. என்னோடும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தான். மேடைக்கு மட்டும் திரும்பவில்லை. சாமியப்பன் கோயமுத்தூரிலிருந்து ஒரு பையனைப் பிடித்தான். பையனுக்குக் கை இருந்தது, கிதார் இல்லை. சாமியப்பன் வெட்கமே இல்லாமல் என்னைத் தூது அனுப்பினான். கறுப்புக் கிதாரைக் கேட்டுப் பார், என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றான். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். பக்கீர் திட்டவில்லை.

"காசு வேண்டாம் பழனிமுத்து, சும்மாவே தர்றேன்" என்றான். "அவனே நேர்ல வரட்டும். வந்து, உன்ற கல்கத்தா கிதாரக் குடுன்னு கேக்கட்டும். அவ்வளவுதான்."

அப்படியே போய்ச் சொன்னேன். சாமியப்பன் சிரித்தான். "இதென்ன பெரிய விசயம், நாளைக்கே போறேன்" என்றான்.

இப்போது தொண்ணூற்றேழு. கிதார் அந்த வீட்டுச் சுவரோரம் கழுத்துச் சாய்ந்து நிற்கிறது. கூட்டும்போது சைதுன்னிசா அதை நிமிர்த்தி வைக்கிறாள். சாமியப்பன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. இன்னும் அவன் வரவில்லை.