சிலுவை போட்ட விடைத்தாள்

எங்கள் சட்டக் கல்லூரியில் கடைசி வருஷப் பரீட்சை எழுதுகிறவர்களுக்குக் கேள்வித்தாளுக்கு முன்னால் விதிகள் வந்துவிடும். ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் பூராவும் பொடி எழுத்தில் அதுதான். அது போதாதென்று ஒவ்வொரு நாளும் மேற்பார்வையாளர் மேடையில் ஏறி நின்று, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்கிற மாதிரி ஒன்று விடாமல் வாசிப்பார். அரை மணி தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். முதல் அரை மணிக்குள் வெளியே போகவும் விடமாட்டார்கள். நீல மசி மட்டும். பெயர் எழுதக்கூடாது, நம்பர்தான். திருத்துகிறவருக்கு 'ஐயா, தயவு பண்ணுங்கள்' என்று ஒரு வரி எழுதினால் பேப்பரே செல்லாது. சாமி பெயர், சாமி குறி, வேறு எந்த அடையாளமும் எங்கேயும் இருக்கக்கூடாது. இது இன்னாருடைய பேப்பர் என்று திருத்துகிறவருக்கு எந்த வழியிலும் தெரிந்துவிடக்கூடாதாம். நியாயம்தான், யார் இல்லை என்றது? கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் தலைமேல் ஒரு விதி இருந்தது. ஒரு பேப்பரில் தோற்றாலும் போச்சு, மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அத்தனையையும் அடுத்த வருஷம் மறுபடி எழுத வேண்டும். முந்தின வருஷம் நான் அப்படித்தான் ஒரே ஒரு பேப்பரில் கோட்டைவிட்டுவிட்டு, முழுசாகத் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நாங்கள் கன்னடக்காரர்கள் ஊரில், கன்டோன்மென்ட் பக்கம், ரிச்சர்ட்ஸ் டவுனில் வாடகைக்கு இருந்தோம். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். இவர், என் வீட்டுக்காரர், ராணுவக் கணக்கு ஆபீசில் குமாஸ்தா. நான் பக்கத்திலேயே ஒரு கான்வென்ட் பள்ளியில் சின்ன வகுப்புக்கு டீச்சர். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிற வயசு. சட்டக் கல்லூரியில் காலை வகுப்பு. இருட்டோடு எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, பனியில் பஸ்ஸுக்கு நின்று, சிட்டி பக்கம் போய்ப் பாடம் கேட்டுவிட்டு, அதே பஸ்ஸில் ஓடிவந்து பள்ளி மணி அடிக்கும்போது வகுப்பில் நிற்க வேண்டும். சாயங்காலம் நோட்டுத் திருத்தல், சமையல், குழந்தை. இதெல்லாம் ஆனபிறகு சொத்து மாற்றச் சட்டத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே கண் சொக்கும். அந்த வருஷங்களில் நான் எப்போதும் தூங்கி வழிந்துகொண்டுதான் இருந்தேன். பூசையில் முழங்காலில் நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் பங்குக் கோவிலில் பாதிப் பேர் கேட்டாயிற்று. அவர்களுக்கெல்லாம் "சும்மாதான்" என்று சொல்லி வைத்தேன். நிஜம் என்னவென்றால், எனக்கு வாய் நீளம், ஆனால் யாரும் என்னைப் பேசி முடிக்க விட்டதில்லை. வீட்டில் அண்ணன்மார், பள்ளியில் மதர். கோர்ட்டில் ஒரு முறை எட்டிப் பார்த்தேன். ஒரு வக்கீல் எழுந்து நின்று பேசினார், அவர் முடிக்கிற வரைக்கும் ஜட்ஜ் உட்பட எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடேயப்பா, எனக்கு இது வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

மதர் என்பது எங்கள் பள்ளித் தலைமையாசிரியை, கன்னியாஸ்திரீ. இரண்டாம் முறை பரீட்சைக்கு லீவு கேட்டுப் போனபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதுதான் கடைசி. இனிமே பரீட்சைன்னு லீவு கேட்டு என் வாசப்படி ஏறாதே. எனக்கு டீச்சர் வேணும், வக்கீல் வேணாம்" என்றார். ஆகவே இந்தத் தடவை தேறினால் வக்கீல், தேறாவிட்டால் வேலை வேண்டுமா படிப்பு வேண்டுமா என்று இரண்டில் ஒன்றை விட வேண்டும். என் சம்பளம் இல்லாமல் வீடு ஓடாது. இவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார், பாவம். பரீட்சை நாட்களில் தானே சமைத்து, குழந்தைக்குத் தலை பின்னி, கோணல்மாணலாக ரிப்பன் கட்டி அனுப்புவார்.

முதல் நாள் பரீட்சையில் ஒரு கூத்து. என் முன் வரிசையில் வயசான ஒருவர், தமிழர்தான், புது விடைத்தாளை வாங்கியதும் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டார். இத்தனைக்கும் விதிகளை வாசித்து முடித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மேற்பார்வையாளர் கடுகடுத்துக்கொண்டு, "எழுத ஆரம்பிக்கலை, அதனால பொழைச்சே" என்று அதைக் கிழித்துப்போட்டு வேறு கொடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நமக்கு இந்தச் சுழி கிழி தொல்லையெல்லாம் இல்லையப்பா என்று ஒரு மிதப்பு.

ஆனால் எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. கான்வென்டில் படித்த எங்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்தின் தலையில், நடுவில், கடுகு அளவுக்கு ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் முதல் எழுத்து எழுத வேண்டும். போடாவிட்டால் சிஸ்டர் ஸ்கேலால் விரல் முட்டியில் ஒரு போடு போடுவார். வருஷக்கணக்கில் அப்படிப் பழகிய கை. மளிகைச் சாமான் சீட்டு எழுதினாலும் சிலுவை விழும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. முந்தின வருஷமும் சரி, இந்த வருஷமும் சரி, பக்கம் திருப்பும்போதெல்லாம் இடது கட்டைவிரலைப் பக்கத்தின் தலையில் நடுவில் அழுத்திக்கொண்டுதான் எழுத ஆரம்பிப்பேன். கைக்கு இடமே கொடுக்கமாட்டேன்.

கடைசிப் பேப்பர் சிவில் ப்ரொசீஜர். முந்தின ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல். நெற்றியில் துணி போட்டுப் போட்டு விடிந்துவிட்டது. அந்த லட்சணத்தில்தான் போய் உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, கேள்விகள் எனக்கென்றே கேட்டது போல இருந்தன. மூன்று பெரிய பதில்களை மளமளவென்று எழுதிவிட்டேன். நாலாவதுக்குப் பக்கம் திருப்பும்போதுதான் கண்ணில் பட்டது. பக்கத்தின் தலையில் ஒரு சிலுவை. முந்தின பக்கத்தைப் பார்த்தேன், அதிலும் இருந்தது. அதற்கு முந்தினதிலும். முதல் பக்கம் ஒன்றுதான் தப்பித்திருந்தது, அதற்குப் பிறகு தூக்கக் கலக்கத்தில் கட்டைவிரலை மறந்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்திலிருந்து வரிசையாக, அழகாக, நடுவில், சிஸ்டர் பார்த்தால் மெச்சிக்கொள்வார்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுதாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கண்காணிப்புக்கு நின்ற லெக்சரர் வந்தார். சின்ன வயசு, கன்னடக்காரர், நம்மோடு தமிழ் பேசுவார். "ஏனாயித்து மேடம், என்ன ஆச்சு?" என்று குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்கே முகம் மாறிப்போயிற்று.

"அய்யோ. சத்தம் போடாதீங்க. இங்க் கொட்டிடுங்க மேலே. பேனா லீக் ஆச்சுன்னு நினைச்சுக்குவாங்க" என்றார் மெதுவாக.

"எல்லாப் பக்கத்துலயும், அதே இடத்துலயா லீக் ஆகும்?"

"அப்போ விடுங்க. நான் பாக்கலை. நீங்களும் பாக்கலை. எழுதுங்க" என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

நல்ல மனுஷன். இன்றைக்கும் சொல்வேன், நல்ல மனுஷன். ஆனால் எனக்கு எழுத வரவில்லை. திருத்துகிறவர் கண்ணில் இது படாமல் இருக்குமா? பட்டால் இந்தப் பேப்பர் மட்டுமா போகும்? மோசடி என்று எழுதிவிட்டால் சில வருஷம் பரீட்சைப் பக்கமே வரமுடியாதே. இது பயம். இன்னொன்றும் இருந்தது. முதல் நாள் அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரித்தேனே, அவருக்கு ஒரு விதி எனக்கு ஒரு விதியா என்று உள்ளே குடைந்தது. வக்கீலாகப் போகிறவள் விதியை இங்க் கொட்டி மறைப்பதா என்ற வீம்பும் சேர்ந்துகொண்டது. எழுந்து நேரே மேடைக்குப் போய்விட்டேன்.

மேற்பார்வையாளர் எங்களுக்குக் கான்ட்ராக்ட் சட்டம் பாடம் எடுத்தவர். தமிழர், கன்டோன்மென்ட்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

"யாராவது புடிச்சாங்களா?"

"இல்ல சார். நானே பாத்தேன்."

"நல்லதும்மா. நீயே வந்து சொன்னது நல்லது" என்றார். "புது ஆன்ஸர் புக் தர்றேன். இதை ரத்து பண்ணி ரிப்போர்ட் எழுதிடறேன். பயப்படாதே, காப்பி அடிச்ச கேஸ் இல்ல இது."

"இதைப் பாத்து எழுதிக்கலாமா சார்?"

"ரத்தான புக் உன் கையில இருக்கக்கூடாது."

"நேரம்?"

"நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பாக்கி இருந்தது. இடத்துக்குத் திரும்பும்போது கோபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கோபத்திலேயே எழுதினேன். யோசிக்கவில்லை, அடித்துத் திருத்தவில்லை, திரும்பிப் படிக்கவில்லை. கட்டைவிரல் பக்கத்தை அழுத்தி அழுத்தி நகம் வெளுத்துப் போயிற்று. மணி அடித்தபோது கடைசி வாக்கியத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் இரண்டு பஸ்ஸை விட்டேன்.

ரிசல்ட் வந்தது. கல்லூரிப் பலகையில் என் நம்பர் இல்லை. இவரும் கூட வந்திருந்தார், இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தேடினோம், இல்லை. சிவில் ப்ரொசீஜர் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். மார்க் வந்ததும் பார்த்தால் அதில்தான் எல்லாவற்றையும் விட அதிகம். கோபத்தில் கிறுக்கித் தள்ளிய பேப்பர்! போனது சொத்து மாற்றச் சட்டம். ஆற அமர உட்கார்ந்து முழு நேரமும் எழுதிய பேப்பர். இரண்டு மார்க் குறைவு.

இரண்டு மார்க் என்றதும் எனக்கு உயிர் வந்தது. அந்த மாதிரி ஒரே பேப்பரில் சொற்பம் குறைந்தவர்களுக்கு யுனிவர்சிட்டியே கருணை மார்க் போட்டுத் தூக்கிவிடும். என் கூடப் படித்த இன்னொருவருக்கு அந்த வருஷமே போட்டிருந்தார்கள். எனக்கு விட்டுப்போயிருக்கும், கேட்டால் சரியாகிவிடும் என்று மேற்பார்வையாளரின் அறைக்கு ஓடினேன்.

அவர் உட்காரச் சொன்னார். அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது, மாணவியை அவர் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"ரிப்போர்ட் ஆன கேண்டிடேட்டுக்குக் கருணை மார்க் கிடையாதும்மா. விதி."

"காப்பி அடிச்ச கேஸ் இல்லேன்னீங்களே சார்."

"இல்லதான். அதையும் எழுதித்தான் அனுப்பினேன். மேல அவங்க பாக்கறது ரிப்போர்ட் இருக்கா இல்லையான்னு மட்டும்தான்."

"நான் வந்து சொல்லாம இருந்திருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "ஒண்ணும் ஆகியிருக்காது. சின்னக் குறிதானே, திருத்தறவங்க பாதிப் பேர் கண்டுக்கறதில்ல" என்றார். அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்திருக்கும். நான் நன்றி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஒரு வாரம் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. குழம்பு, துணி, குழந்தையின் வாய்ப்பாடு. அடுத்த திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மதரிடம் போய் நின்றேன். "லீவுன்னா இல்லை" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "லீவு வேணாம் மதர். வேலையை விடறேன்" என்றேன். அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். தைரியம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டையும் சுமந்துகொண்டு இன்னொரு வருஷம் ஓட உடம்பில் தெம்பில்லை, படிப்பை விட மனசில்லை, ஆகவே இது. அவ்வளவுதான் கணக்கு.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது இவர் வந்து அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தி நின்றது.

"எல்லாப் பேப்பரும் மறுபடியுமா?"

"எல்லாம்."

கத்தியைக் கீழே வைத்தார். வீட்டு வாடகையை நினைத்திருப்பார், வேறென்ன. பிறகு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். "சரி, எழுது. ஆனா ஒண்ணு. அடுத்த தடவை கை தவறிப் போச்சுன்னா வாயை மூடிக்கிட்டு இரு, தாயே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பலகையில் நம்பர் இல்லாதபோது வராத அழுகை.

"வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டேங்க" என்றேன். "மறுபடியும் போய்ச் சொல்லத்தான் செய்வேன். அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."