புள்ளியைப் பிடித்திருந்த பதினொரு நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை கோழிக் கூண்டைத் திறந்தபோது புள்ளி வெளியே வரவில்லை. கழுத்தை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலப்பக்கம், எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக ஏதோ கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. வாயிலிருந்து புளித்த மாவு நாற்றம் வந்தது.

உங்கள் வீட்டுக் கோழிக்கும் இப்படி ஆகி, "ஒரு கோழிக்கா இவ்வளவு?" என்று சுற்றியிருப்பவர்கள் சிரித்துக்கொண்டிருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. செய்த தப்புகளைச் சொல்கிறேன்.

கட்டி என்று நினைத்தேன். அது கட்டி இல்லை, தீனிப்பை (கோழி விழுங்கிய தீனி முதலில் வந்து தங்கும் பை). மாலையில் நிறைந்திருக்கும். இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, காலையில் காலியாக இருக்க வேண்டும். தீனி வைக்கும் முன்பே அது நிறைந்திருந்தால் அடைப்பு என்று அர்த்தம். எனக்கு இது தெரியாது. வாயில் நல்லெண்ணெய் விட்டு, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கினேன். புளித்த தண்ணீர் கொட்டியது, புள்ளிக்கு மூச்சு முட்டியது. நீங்கள் உலுக்காதீர்கள். அந்தத் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கினால் அதோடு முடிந்தது.

நாங்கள் ஐயம்பேட்டையில் பட்டுத் தறி போடுகிறோம். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் கணவரும், அந்தப் பக்கம் அவருடைய அண்ணனும் அண்ணி கோமதியும். வீட்டைப் பிரித்தபோது புழக்கடையை மட்டும் பிரிக்க முடியவில்லை, தண்ணீர்க் குழாய் ஒன்றுதான் இருந்தது. அன்றிலிருந்து கோமதி அக்காவும் நானும் முகம் பார்த்துப் பேசியதில்லை. ஆனால் வாய் மூடியிருந்தோம் என்று நினைக்க வேண்டாம். ஜாடை பேசுவோம். நான் பாத்திரத்தைப் பார்த்துத் திட்டுவேன், அவர் துடைப்பத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். புள்ளி வந்த பிறகு இரண்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டோம். அது தலையைச் சாய்த்துக் கேட்கும். பாத்திரத்தைவிடக் கோழியைத் திட்டுவதில் ஒரு திருப்தி இருந்தது.

முந்தைய வாரம் அவர் கழுவிவிட்ட தரையில் புள்ளி அசிங்கம் பண்ணிவிட்டது. "ஏய் புள்ளி, உன்ன வளக்கிறவளுக்குத்தான் வெக்கம் இல்ல, உனுக்குமா இல்ல? ஒருநாளு எலி மருந்து வெச்சிடுவேன், பாத்துக்கோ" என்று அவர் கத்தியது உள்ளே தறியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கத்தினார்.

புதன்கிழமை காலை புள்ளி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தலை தொங்கிவிட்டது. அன்று கோமதி அக்கா வீட்டுப் பாவு. பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு நீட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். ஒரு குடும்பத்தால் முடியாது, தெருவே வந்து கை கொடுக்கும். அப்படி எல்லோரும் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நான் கோழியைத் தூக்கிக்கொண்டு போனேன். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"மருந்து வெச்சிட்ட இல்ல? இப்ப நிம்மதியா?"

"இன்னாடி சொல்ற?"

"வாயில்லா ஜீவனுக்கே வெச்சவ, நாளைக்கு எங்க சோத்துல வெக்க மாட்டேன்னு இன்னா நிச்சயம்?"

கோமதி அக்கா கையிலிருந்த கஞ்சி தரையில் சொட்டியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் கால்நடை மருத்துவரிடம் போனேன். டோக்கன் எழுதுகிறவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிக்கு டோக்கனா? மசாலா அரைச்சு வெச்சிட்டு வந்தியாமா?" என்றார். "உங்க வூட்ல யாருக்காவது தொண்ட அடைச்சா மசாலாதான் அரைப்பியா?" என்று கேட்டேன். எழுதிக் கொடுத்தார். நாய்களோடு வந்தவர்கள் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

டாக்டர் இளம்பெண். புள்ளியின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "வாயில நூல் ஏதாவது தொங்கிச்சாம்மா?"

தொங்கியது. திங்கட்கிழமை மதியம் அலகின் ஓரத்தில் ஒரு இழை, விரல் நீளத்துக்கு. தறிக்காரியின் கை நூல் நுனியைக் கண்டால் சும்மா இருக்காது. பதமாக இழுத்தால் எந்தச் சிக்கும் விடும் என்பது எங்களுக்குப் பழக்கம். இழுத்தேன். கொஞ்சம் வந்தது, பிறகு அறுந்தது. கையை உதறிவிட்டுத் தறிக்குப் போனேன், மறந்தும் போனேன்.

"இழுத்தேன்" என்றேன்.

"இழுக்கவே கூடாது. நாக்குக்கு அடியில சுத்திக்கிட்டிருக்கு. மறுமுனை உள்ள இருக்கு. இழுக்க இழுக்கச் சதையை அறுக்கும். நுனிய அப்படியே விட்டுட்டுத் தூக்கிட்டு வந்திருக்கணும்."

நாக்கடியில் இருந்த நூலைக் கத்தரித்தார். மரத்துப்போகும் ஊசி போட்டு, இறகைப் பிடுங்கி, தீனிப்பையைக் கீறித் திறந்தார். நான்தான் கால்களைப் பிடித்திருந்தேன். உள்ளேயிருந்து வந்ததைத் தட்டில் வைத்தார். கஞ்சியும் பட்டும் சேர்ந்து உருண்ட ஒரு பந்து. டாக்டர் தண்ணீர் ஊற்றியதும் நிறம் தெரிந்தது. அரக்கு.

கோமதி அக்கா வீட்டுப் பாவு மாம்பழ மஞ்சள். அரக்கு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாவு போட்டோம். அறுந்த இழைகளைக் கஞ்சி வாளியிலேயே போட்டு வைத்திருந்தோம். மிச்சக் கஞ்சியைக் கொட்ட மனம் வராமல், அடியில் இருந்ததை நான்தான் புள்ளியின் தட்டில் ஊற்றினேன். கஞ்சி குடித்த பட்டு சோற்று வாசம் அடிக்கும். கோழிக்கு அது சோறுதான்.

டாக்டர் அந்தப் பந்தைத் தாளில் மடித்துக் கொடுத்தார். "வீட்ல காட்டுங்க. அடுத்த தடவை ஜாக்கிரதையா இருப்பாங்க." வாங்கி மணிபர்ஸில் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம், "அடைப்பாம், எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். எதன் அடைப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு உள்ளூர நன்றி சொன்னேன்.

பதினொரு நாள் மருத்துவம். காலையும் மாலையும் நுண்ணுயிர்க்கொல்லி (புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்கத் தரும் மருந்து) சொட்டு. நாலு வேளை, அவித்த மஞ்சள்கருவைத் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் துளித்துளியாக. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால் நடுவில் விடக்கூடாது, அலகின் ஓரமாகத்தான் விட வேண்டும். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் ஊட்ட வேண்டும். என் கணவர் தையலைப் பார்த்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து என்னைக் கேட்காமலே சுவருக்கு அந்தப் பக்கம் போய், "அண்ணி, கொஞ்சம் வந்து புடிங்க" என்றார்.

வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். எனக்கு எதிரில் மணையைப் போட்டு உட்கார்ந்து, பழைய துண்டில் புள்ளியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சாவாத புள்ளி" என்றார் அதனிடம். "நீ செத்தீன்னா என் தலையிலதான் வெப்பாங்க. உனுக்காவ வரல. என் பேருக்காவ வந்துக்கினு இருக்கிறேன்."

"வாயத் தொற புள்ளி. கண்டவங்க பேச்சக் கேட்டுக்கினு இருக்காத" என்றேன் நான்.

இப்படித்தான் ஒரு நாளைக்கு நாலு வேளை. நான் அவசரப்பட்டால், "மூச்சு வுட நேரம் குடுக்கச் சொல்லு புள்ளி, மாட்டுக்கு மருந்து ஊத்துற மாதிரி ஊத்துறா" என்பார். சரியாகத்தான் சொன்னார், அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது. அலகுக்குக் கீழே ஒரு விரலால் தடவினால் அது விழுங்கும் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். நாலாம் நாள் புள்ளி கண்ணைத் திறக்கவில்லை. அன்று இரண்டு பேருமே ஜாடை பேசவில்லை. ஆறாம் நாள் கெட்டியாக எச்சம் போட்டது, அவருடைய புடவையிலேயே. "போடு, நல்லாப் போடு" என்றார். கோபமாகத்தான் சொன்னார் என்று நம்ப விரும்பினேன்.

இடம் குறுகல். எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டே இருந்தன. மணிபர்ஸ் என் தலைக்கு மேல் ஆணியில் தொங்கியது. சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுந்து போய்விடுவார், அப்புறம் கோழியைப் பிடிக்க ஆள் இருக்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவரிடம் தோற்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் அவர் புள்ளியிடம் சொன்னார்: "அடுத்த பாவுக்கு ஆளுங்களக் கூப்புட்டேன். ரெண்டு வூட்ல வரலன்னுட்டாங்க. இன்னைக்கு ஒருத்தி வந்தா, டீ போட்டுக் குடுத்தேன். வயிறு சரியில்லன்னு வெச்சிட்டுப் போயிட்டா." இதைச் சொல்லும்போது அவர் குரலில் சண்டை இல்லை. நான் சிரிஞ்சைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன். தெருவில் ஆள் வராவிட்டால் பாவு இல்லை, பாவு இல்லாவிட்டால் தறி இல்லை. நான் அன்று காலை கத்தியது அவர் அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது.

பதினோராம் நாள் டாக்டரிடம் போய்த் தையல் பிரித்துக்கொண்டு வந்தேன். புள்ளி தானாகவே குழைந்த சோற்றைக் கொத்தியது. கோமதி அக்கா கடைசித் தடவையாக அதைப் பிடித்திருந்தார். கையில் மருந்துச் சொட்டோடு, கோழியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "புள்ளி, உனுக்கு அடைச்சது எங்க வூட்டு நூலுதான். நாந்தான் கஞ்சியோட ஊத்தினேன்."

தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"யாராண்ட சொல்ற?" என்று கேட்டார். "கோழியாண்டயா, என்னாண்டயா?"

"உங்களாண்டதான்கா."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே. டாக்டர் எடுத்தப்பவே."

அவர் என்னைப் பார்த்தார். "பதினோரு நாளு முட்டி இடிக்க இடிக்கக் குந்திக்கினு இருந்தேனே" என்றார். புள்ளியைத் துண்டோடு என் மடியில் வைத்தார். "தெருவுல சொன்ன இல்ல? தெருவுலயே போய்ச் சொல்லு."

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுப் பாவு. எல்லோரும் வந்திருந்தார்கள், அவரும் அறுந்த இழைகளை முடிந்துகொண்டு நின்றார். நான் தாளைப் பிரித்து அரக்கு நூலைக் காட்டினேன். இது என் வீட்டு நூல், என் கையால் வைத்தேன், கோமதி அக்கா எதுவும் வைக்கவில்லை, எனக்கு இது அன்றே தெரியும் என்றேன். தெளிவாகச் சொன்னேன் என்று எழுத ஆசை. இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. "இதுக்கா அந்த ஆட்டம் ஆடின?" என்று ஒருத்தி கேட்டாள். கோமதி அக்கா இழையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பிறகு அவர் வீட்டிலிருந்து டீ வந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தட்டு எனக்கு நேராக வரவில்லை. வந்திருந்தால்தான் எனக்கு அவமானமாக இருந்திருக்கும்.

புள்ளி பிழைத்துவிட்டது. கழுத்துக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு இறகு இன்னும் முளைக்கவில்லை. என்னைக் கண்டால் ஓடுகிறது, சிரிஞ்சு பிடித்த கை அதற்கு மறக்கவில்லை. முட்டை இடும் என்கிறார் டாக்டர். இட்டால் இடட்டும்.

மாறியது நான்தான். சோற்றை வாயில் வைத்தால் அது தொண்டையைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி இறங்குகிற வழி தெரிகிறது. இத்தனை வயது வரை தொண்டை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கத்தியிருக்கிறேன். பல நாள் இரண்டு வாய்க்கு மேல் உள்ளே போகவில்லை. என் நேரமும் தறிக் கணக்கில் இல்லை. மாலை என்றால் பை நிறைந்ததா, காலை என்றால் காலியானதா, இவ்வளவுதான் ஒரு நாள். குணமான கோழியைத் தினமும் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை கேட்பதில்லை.

ஒருநாள் காலை எழத் தாமதமாகிவிட்டது. புழக்கடைக்குப் போனபோது கூண்டு திறந்திருந்தது. கோமதி அக்கா புள்ளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதன் கழுத்துக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே விட்டார். அது குப்பையைக் கிளற ஓடிவிட்டது. குழாயில் குடம் இல்லை, கையில் துடைப்பம் இல்லை, ஜாடை பேச அங்கே எதுவுமே இல்லை.

"காலியாதான் இருக்குது" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மன்னித்துவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நானும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று காலை எனக்கு நன்றாகப் பசித்தது.