தெற்குப் படிக்கு ஒரு ராட்டினம்

அன்றைக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் ஏழு பேர். எங்கள் தெரு நாட்டாமைக்காரர், வாத்தியார், செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்த கிராம சேவிகா அம்மா, என் வீட்டுக்காரர், அவர் தம்பி, தம்பியின் பெண்டாட்டி, நான். எட்டாவதாக யாரும் இல்லை. தெற்குத் தெருவிலிருந்து ஒருத்தரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்தப் பொய்யை நான் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் ஊர் மாமல்லபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. தோண்டின கிணறெல்லாம் உப்புக் கரிக்கும். வாயில் வைக்கிற மாதிரி இருந்தது ஒரே ஒரு படிக்கிணறு. வேறு வழி இல்லாததால் வடக்குப் படி எங்கள் தெருவுக்கு, தெற்குப் படி எங்கள் வயல்களில் கூலிக்கு வருகிறவர்களின் தெருவுக்கு என்று வைத்திருந்தார்கள். படி இரண்டு, தண்ணீர் ஒன்று. முழங்கால் நனைய இறங்கி நின்றுதான் மொண்டுவர வேண்டும்.

அந்தத் தண்ணீரில்தான் நரம்புச் சிலந்தி இருக்கிறது என்று சேவிகா அம்மா சொன்னார். காலில் கொப்புளம் வந்து உடையும். வெள்ளை நூல் மாதிரி புழு தலை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றி நாளுக்கு ஒரு விரற்கடை இழுக்க வேண்டும். அறுந்தால் போச்சு, கால் வீங்கிப் படுக்கைதான். புண்காலோடு ஒருத்தர் தண்ணீரில் இறங்கினால், அதைக் குடிக்கிறவருக்கு அடுத்த வருஷம் வரும். முந்தின வருஷம் என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் அறுந்துபோய், நடவு முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. கடன் வாங்கிச் சாப்பிட்டோம். அதிலிருந்து தினமும் காலையில் அவர் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அவருடைய இரண்டு பாதங்களைத்தான். பிள்ளையின் பாதங்களையும் பார்ப்பேன். கொசு கடித்திருந்தால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஆகவே படிகளை மூடிச் சுற்றிலும் கைப்பிடிச் சுவர் எழுப்பி, இரண்டு பக்கமும் ராட்டினம் போடுவது என்று பேச்சு வந்தபோது, ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள் நான்தான். பட்டேன், அதற்குப் பணம் சேர்க்கிற யோசனை யாருடையது என்று தெரிகிறவரைக்கும்.

முதல் கூட்டத்தில், சர்க்கார் சிமெண்டும் பாதிச் செலவும் தரும், மீதிப் பாதி ஊர் தரவேண்டும் என்றார்கள். யார் கையில் காசு இருந்தது? அப்போது என் ஓரகத்தி, சின்னவள், எழுந்து நின்று, "வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வெப்போம். ஒல வெக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனிச் சட்டில போட்டா, ரெண்டு மாசத்துல சேந்துடும். ரெண்டு தெருவும் போடட்டும், ரெண்டு தெருவுக்கும் ராட்டினம்" என்றாள். சேவிகா அம்மா அவளைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார்.

அவள் செங்கல்பட்டுக்காரி. எட்டாவது படித்தவள். நான் மூன்றாவதோடு நின்றவள். தம்பி பிறந்தான், தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும் என்று சிலேட்டுப் பலகையை வாங்கி வைத்துவிட்டார்கள். நான் பெற்ற பிள்ளை பாடம் படிக்க அவளிடம் போவான். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடும்போது, "சின்னவளுக்கு இன்னா மூளை!" என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் குழம்பைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

அரிசி வாங்குகிற நாள் வந்தது. தெற்குத் தெருவில் முதலிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் அவள்தான். வசூலுக்கும் அவளே கிளம்பினாள். "எல்லாத்தையும் நீயே செய்வியா? நாங்கல்லாம் இன்னாத்துக்குக் கீறோம்?" என்று கூடையைப் பிடுங்கிக்கொண்டு நான் போனேன்.

முதல் வீட்டில், "வாங்க பெரிம்மா. சின்னம்மா வர்லியா?" என்றார்கள்.

இரண்டாவது வீட்டில், "சின்னம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

மூன்றாவது வீட்டில், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி உள்ளே சட்டியை எடுக்கத் திரும்பியவள், நின்று கேட்டாள். "வூட்டுக்கு வூடு கணக்கு எழுதிக் காட்டறேன்னு சின்னம்மா சொல்லிச்சே. ஒங்களுக்கு எழுதத் தெரியுமா பெரிம்மா?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. "அப்புறம் வர்றேன்" என்று வெறும் கூடையோடு திரும்பிவிட்டேன். அப்புறம் போகவில்லை.

அந்த வார முடிவில்தான் வேப்பமரத்தடியில் கூடினோம்.

"தெக்குத் தெரு இன்னா ஆச்சு?" என்றார் நாட்டாமைக்காரர்.

"குடுக்கலீங்க. இல்லன்னுட்டாங்க" என்றேன்.

சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னாண்ட ஒத்துக்கினாங்களே அக்கா?"

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

நாட்டாமைக்காரர் இதற்காகவே காத்திருந்தவர் போலத் தொடையைத் தட்டினார். "பங்கு குடுக்காதவனுக்கு ராட்டினம் இன்னாத்துக்கு? ஒண்ணு போதும், வடக்கால போடு." சேவிகா அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த சின்னவளைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் இனிப்பாக இருந்தது.

கொத்தனார் வந்தார். படிகளைத் தூர்த்துச் சுவர் எழுப்பி, தெற்குப் பக்கத்தை மட்டும் ஆள் உயரத்துக்கு அடைத்து, வடக்கே ஒரு ராட்டினம் மாட்டிவிட்டுப் போனார். எங்கள் ராட்டினத்தில் அவர்கள் கை வைக்கக் கூடாது. அதனால் தெற்குத் தெருப் பெண்கள் குடத்தோடு தள்ளி நின்று, யாராவது இறைத்து ஊற்றுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் தெருக்காரிகளுக்கு அதற்கு ஏது பொறுமை? சின்னவள் ஒருத்திதான் உள்ளங்கை கொப்புளிக்க இறைத்து ஊற்றினாள். மீதிப் பேர் வயலோரத் தாங்கலில், மழைத்தண்ணீர் தேங்குகிற அந்தக் குட்டையில், இறங்கி மொள்ள ஆரம்பித்தார்கள். புண்கால், நல்லகால் எல்லாம் அதில்தான் இறங்கின.

அது எங்கள் வயலை ஒட்டிய தாங்கல். ஏர் ஓட்டிவிட்டு என் வீட்டுக்காரர் அங்கேதான் கையால் அள்ளிக் குடிப்பார்.

"அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்களேன்" என்றேன்.

"தாகத்துக்கு இன்னா, சோடாவா வாங்கியாந்து குடுப்பே? போமே!"

வர ஒரு வருஷம் ஆகும் என்று சேவிகா அம்மா சொன்னது தெரிந்தும் நான் தினமும் அவர் பாதத்தைத் தடவிப் பார்த்தேன். "இன்னாமே, புதுசா பக்தி?" என்று கேலி செய்தார்.

ஒருநாள் நான் கிணற்றடிக்குப் போனபோது, சின்னவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறைத்துக்கொண்டிருந்தாள். எதிரே அந்தக் குழந்தைக்காரி.

"ஏன் சின்னம்மா, அரிசி வாங்க யாரும் வர்லியே? சட்டி சட்டியா புடிச்சி வெச்சிருந்தோம். பெரிம்மா ஒருநாளு வந்துச்சி, நின்னுச்சி, போயிடுச்சி. எங்க அரிசி ஆவாதா?"

ராட்டினம் நின்றது. "எங்க பேர்லதான் தப்பு" என்றாள் சின்னவள். பிறகு குடம் நிரம்புகிறவரை ஊற்றினாள்.

நான் வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்து, இன்றைக்கு மானம் போகப் போகிறது என்று அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள், கால் கழுவினாள், "அக்கா, புளி கரைக்கவா?" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சுடச்சுடக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். நான் செய்த தப்பைக்கூட அவள் தூக்கிக்கொண்டு நல்லவளாகிவிட்டாளே என்றுதான் எரிந்தது.

ஆனால் தாங்கல் இருக்கிறதே. நான் எரிந்தாலும் அணைந்தாலும் அவர் அதில் குடித்துக்கொண்டுதான் இருந்தார். ஐந்தாறு நாளுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நாட்டாமைக்காரர் வீட்டு வாசலில் நாலு பேர் இருக்கும்போதே போய் நின்றேன். "அவங்க இல்லன்னு சொல்லலீங்க. நான் கேக்கவே இல்ல. தெக்கால ஒரு ராட்டினம் போட்டுடுங்க" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். "இது சின்னவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்துச்சி? அடேயப்பா, பெரிய மனசு!"

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. உண்மையைச் சொன்னவள் நான், பேர் அவளுக்கு.

தெற்குச் சுவரை உடைத்துக் கட்டி ராட்டினம் போடக் கொத்தனார் ஐம்பத்தெட்டு ரூபாய் கேட்டார். சர்க்கார் பணம் தீர்ந்துபோயிருந்தது. தெற்குத் தெருவில் வேலை இல்லாத நாட்களில் பிடி அரிசியை உலையில் போட்டுவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? மிஞ்சியதை விற்றதில் பதினோரு ரூபாய் வந்தது. என் ஆட்டை விற்று இருபத்திரண்டு கொடுத்தேன். மீதி இருபத்தைந்தைத் தன் தாய்வீட்டுப் பணத்திலிருந்து தருகிறேன் என்று சின்னவள் முடிச்சை அவிழ்த்தாள்.

"அதையும் நீயே குடுத்துட்டா ஊரு இன்னா சொல்லும்? வெய்யி உள்ள" என்று தள்ளிவிட்டேன்.

கொத்தனார் நல்ல மனிதர். "மெள்ளக் குடும்மா" என்று வேலையை முடித்துக் கொடுத்தார். ராட்டினம் மாட்டிய அன்றே தெற்குத் தெருக்காரர்கள் தங்கள் கையால் தண்ணீர் இறைத்தார்கள். தாங்கலில் யாரும் இறங்கவில்லை. அடுத்த கோடையில் இரண்டு தெருவிலுமாக மூன்று பேருக்குச் சிலந்தி வந்தது. என் வீட்டுக்காரருக்கு வரவில்லை. அதற்கடுத்த கோடையில் யாருக்குமே இல்லை. கிணற்றுக்குச் சின்னவள் கிணறு என்றே பெயர் ஆனது.

முட்டை விற்றும் மோர் விற்றும் கொத்தனாருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதினேழரை ரூபாய் அடைத்தேன். பிறகு அவர் பட்டணத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. சின்னவளிடம் சொன்னால் எழுதி விசாரித்துக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால்தான் சொல்லவில்லை. அவருக்கு நான் இன்னும் தரவேண்டியது ஏழு ரூபாய் எட்டணா.