மாட்டுப் பொங்கலில் பட்டினி கிடந்த மீன்

போன வாரம் தஞ்சாவூர்க் கடையொன்றில் பச்சைப் பட்டாணி வாங்கி வந்தேன். குருமாவுக்காக வெந்து கிடந்ததை என் விரல்கள் பாட்டுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தன. "பட்டாணிக்கெல்லாம் தோல் உரிச்சுத் திங்கிற ஜமீன் பரம்பரையா நீங்க?" என்றாள் மனைவி. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளே நான்தான். பட்டாணிக்குத் தோல் உரிக்கக் கற்றுக்கொண்டது ஒரு மீனுக்காக.

அப்போது நீடாமங்கலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியர் வேலை. தாளாளர் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஒரே ஒரு தங்கமீன். மார்கழிக் கடைசியில் அது மல்லாந்து மிதக்க ஆரம்பித்தது. செத்துவிட்டதென்று எடுக்கப் போனால் வாலை ஆட்டும்.

"நீங்க ஜுவாலஜிதானே சார்? பொழைக்க வைங்க. ஜூன்ல உங்கள பர்மனன்ட் பண்ணிடலாம்" என்றார் தாளாளர்.

நான் படித்த விலங்கியலில் மீனை அறுத்துப் பார்ப்பதுதான் இருந்தது. அதைச் சொல்லும் தைரியம் தற்காலிக ஆசிரியருக்கு ஏது? கைப்பேசியில் தேடிப் படித்தேன். அளவுக்கு மீறித் தின்று வயிறு உப்பினால், உள்ளே இருக்கும் காற்றுப்பை நெருக்குப்பட்டு மீன் கவிழ்ந்துவிடுமாம். மூன்று நாள் பட்டினி, நாலாம் நாள் தோல் உரித்த வெந்த பட்டாணி துளியூண்டு. அவ்வளவுதான் வைத்தியம்.

எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். மறுநாளே தொட்டியில் பிஸ்கட் தூள். ஆயா மல்லிகாக்காவைக் கேட்டால், "ஒரு கிள்ளுதான் சார். வாயத் தொறந்து தொறந்து கேக்குதே!" என்றார். வாட்ச்மேன் பொரி போட்டிருந்தார். தாளாளரே இட்லியை விண்டு போட்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தான் மட்டும்தான் போடுகிறோம் என்று நினைப்பு.

வேறு வழியில்லாமல், பொங்கல் விடுமுறைக்கு மீனைத் தூக்குவாளியில் விட்டு எடுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் கிராமம். கும்பகோணத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் வாளியை எட்டிப் பார்த்தார். "ஒத்த மீன வச்சு என்ன கொழம்பு சார் வைப்பீங்க?"

அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன், மூன்று நாளைக்கு ஒரு பருக்கைகூடப் போடக்கூடாதென்று.

"நல்ல நாளும் அதுவுமாவா? அது என்னடா தப்பு பண்ணுச்சு?"

"டிரீட்மென்ட்டும்மா."

அந்தச் சொல்லுக்கு அம்மா கட்டுப்பட்டாள். நடவுக்கும் களைபறிப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்தவள். அந்தப் படிப்பே சொல்லும்போது மறுத்துப் பேச முடியுமா? எங்கள் வீட்டில் பட்டினி புதிதில்லை. அதற்கு வைத்தியம் என்று பெயர் வைத்ததுதான் முதல் தடவை.

மாட்டுப் பொங்கலன்று தெரு மாடெல்லாம் பொங்கல் தின்றன. அம்மா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். "அது பாக்கப் பாக்க எப்படிடா திங்கிறது?" மீனுக்கு இமை வேறு கிடையாது.

நாலாம் நாள் பட்டாணி கொடுத்தேன். மறுநாள் காலையில் மீன் முதுகு மேலே, வயிறு கீழே என ஒழுங்காக நீந்தியது. அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

பள்ளியில் அதற்குத் தடபுடல் வரவேற்பு. "பொங்கல்கூட காணாம வந்திருக்கு சார்" என்று மல்லிகாக்கா தன் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலைத் தொட்டியில் கரைத்தார். அடுத்து வாட்ச்மேன், அடுத்து தாளாளர். ஒரே வாரத்தில் மறுபடி மல்லாந்தது. இந்தத் தடவை வாலை ஆட்டவில்லை.

"மூணு நாள் பட்டினி போட்டா எந்த ஒடம்பு சார் தாங்கும்?" என்றார் தாளாளர், நிஜமான துக்கத்தோடு. ஜூனில் என் இடத்துக்கு வேதியியல் படித்த ஒருவர் வந்தார்.

வேலை போனதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மீன் போனதைச் சொல்ல முடியவில்லை. பிறகு தேர்வெழுதி வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒவ்வொரு தடவை வீட்டுக்குப் போகும்போதும் அம்மா கேட்பாள்: "அங்க அது நல்லா சாப்பிடுதாமா?"

"சாப்பிடுதாம்மா."

"மறுபடி பட்டினி கிட்டினி போட்டுறப் போறாங்கடா."

இரண்டு வருஷத்துக்கு முன்பு அம்மா இறந்துபோனாள். அதுவரைக்கும் அந்த மீன் உயிரோடுதான் இருந்தது.