தங்கச்சியின் படத்தோடு வந்த சேதி

செர்டாங்குக்கு வெளியே இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை நிறுக்கும் பாலத்தில் பரஞ்சோதிக்குப் பத்தொன்பது வருட வேலை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை விட்டவன். ஆனாலும் லாரி நம்பரை டிரைவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதியதே இல்லை. அறையை விட்டு இறங்கிப் போய்த் தகட்டைப் பார்ப்பான், மேலே வந்து எழுதுவான், எழுதியதும் ஜன்னல் வழியே எட்டி இன்னொரு முறை பார்ப்பான். டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ரெண்டு தடவை ஜோதி'.

அப்படிப்பட்டவனும் ஒரே ஒரு விஷயத்தில் அவசரக்காரன். தங்கை பிரேமாவதியின் பெயர் வந்துவிட்டால் அவனுக்குக் கால் தரையில் நிற்காது. அவனைவிடப் பதினேழு வயது இளையவள், தடை ஓட்டக்காரி, மாநிலத்துக்காக ஓடி வெள்ளி வாங்கியவள். ஒரு போட்டியில் தடையில் இடறி விழுந்து முழங்கால் தசைநார் அறுந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பரஞ்சோதி வீட்டிலிருந்து பதக்கத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், மயக்கம் முழுக்கத் தெளியாத தங்கையின் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்தான். 'மாநிலத்துக்கு ஓடிய என் தங்கைக்கு எல்லாச் சிகிச்சையும் இலவசம்' என்று எழுதி, தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். எல்லாரும் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். அன்றைக்கு அவன் சாப்பிடக்கூட இல்லை, வயிறு அப்படி நிறைந்திருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, செம்பனைக் குலை ஏற்றிவந்த டிரைவர் ஒருவர் பாலத்தின் மேல் லாரியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை நீட்டினார். "ஜோதி, இது உன் தங்கச்சிதானே? பினாங்கு வரைக்கும் சுத்துதுலா."

முதலில் அவனுக்குப் பெருமைதான் வந்தது. பிறகுதான் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தான். மாநிலத்துக்கு ஆடியவர்கள், ஓடியவர்கள், பழையவர்களானாலும் சரி, எந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் ஆயுள் முழுக்க இலவசச் சிகிச்சை. சான்றிதழையும் அடையாள அட்டையையும் படம் எடுத்து அனுப்பினால் இருபத்தொரு நாளில் கார்டு வரும். சாட்சி இந்தப் பெண். கடைசி வரியில் அவன் கண் நின்றுவிட்டது. கார்டு கைக்கு வருமுன் அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் சேர்ந்தால் பெயர் தள்ளுபடியாகும்.

வழக்கம்போல இரண்டாம் முறை படித்தான். தோட்டத்துக் குழுவைத் திறந்து தேடினான். அதே சேதி அங்கேயும் வந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. நூறு காலை வணக்கங்களுக்கு நடுவில் அவன் கவனிக்காமல் விட்டிருந்தான். அதன் அடியில் சுப்பிரமணியம் எழுதியிருந்தார்: 'அனுப்பிவிட்டேன். காத்திருக்கிறேன்.'

சுப்பிரமணியத்தை அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. இளம் வயதில் மாநிலத்துக்குப் பந்தாடியவர். இப்போது ஐம்பத்தேழு வயது, இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய். வலதுகால் விரலில் ஆணி ஏறிய புண் ஆறவில்லை. கிளினிக்கில் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தவருக்கு, ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள் என்று இரண்டு வாரத்துக்கு முன் கோயிலில் பேச்சு. அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்றுதான் பரஞ்சோதி நினைத்திருந்தான். சேரவில்லை என்பது இப்போது அந்த ஒற்றை வரியில் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மாநில விளையாட்டு அலுவலகத்துக்குப் போன் அடித்தான். அப்படி ஒரு திட்டமே இல்லை, யாரும் அடையாள அட்டையை அனுப்ப வேண்டாம் என்று ஒரு அம்மா மலாய் மொழியில் பொறுமையாகச் சொன்னார். வைத்துவிட்டு மறுபடியும் அடித்தான். இந்த முறை வேறொருவர், அதே பதில். பிறகு தங்கையைக் கூப்பிட்டான். அவள் ஒரு பள்ளியில் பயிற்சியாளராக இருக்கிறாள். விவரத்தைச் சொன்னான்.

"அண்ணே, என் ஆபரேஷனுக்குக் காசு குடுத்தது எங்க ஓட்டக்காரங்க சங்கத்தோட இன்சூரன்ஸ். போட்டியில விழுந்ததால கட்டுனாங்க. வீட்டுல வழுக்கி விழுந்திருந்தா கிடைச்சிருக்காது. அன்னைக்கே உன்கிட்ட சொன்னேன், நீதான் அத எழுதல."

அவள் சொன்னது உண்மை. சொன்னது நினைவிருந்தது. எழுதினால் பெருமை குறையும்போல இருந்ததால் விட்டுவிட்டான்.

வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை நேராகச் சுப்பிரமணியம் வீட்டுக்கு விட்டான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாடை வந்துவிட்டது. டெட்டால் வாசத்துக்கு அடியில் வேறொன்று. சுப்பிரமணியத்தின் மனைவி உமாராணி அவனைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றும், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சொல்லித் தன் வாய்தான் வலிக்கிறது என்றும் தணிந்த குரலில் சொன்னார்.

சுப்பிரமணியம் நாற்காலியில் சாய்ந்து, காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். பரஞ்சோதி அலுவலகத்துக்கு இரண்டு தடவை பேசியதைச் சொன்னான், சங்கத்து இன்சூரன்ஸைச் சொன்னான். தன் கைப்பேசியில் இருந்த முழுப் படத்தையும் காட்டினான். சேதியில் வந்த படத்தில் பாதியை வெட்டியிருந்தார்கள். முழுப் படத்தில் படுக்கை விரிப்பின் ஓரத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி முத்திரை தெளிவாகத் தெரிந்தது.

அவர் படத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தார்.

"வேற எவன் படம் வந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் தம்பி. இலவசம்னு எழுதுனது நீ. லாரி நம்பரையே ரெண்டு தடவ பாக்கறவன் தப்பா எழுதுவானான்னு நெனச்சேன்."

பரஞ்சோதி கைப்பேசியைத் தாழ்த்தினான். "அத மட்டும் ஒரு தடவதாண்ணே பாத்தேன்."

சுப்பிரமணியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் விரலை எடுத்துவிடுவார்கள், தனியாரில் காலைக் காப்பாற்றித் தருவார்கள், அதற்குத்தான் இந்தக் காத்திருப்பு என்றார். இன்னும் ஒன்பது நாள்தானே என்றார். சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. கட்டு நழுவியிருந்த இடத்தில் விரல் கருத்திருந்தது. அங்கிருந்து கணுக்காலைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறியிருந்தது. பரஞ்சோதி அதை ஒரு தடவை பார்த்தான். அவனால் இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்கு."

"கால் என்னுது. உனக்கென்ன பயம்?"

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, எந்தங்கச்சி படந்தான் உங்களக் கொன்னுச்சுன்னு ஆயிரும்."

உமாராணி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். சுப்பிரமணியம் அவனையே பார்த்தார். பிறகு காய்ச்சலில் உலர்ந்த உதடு கொஞ்சம் கோணியது. "அப்ப நீ என் காலுக்காக வரல. தங்கச்சி பேரு கெட்டுருமேன்னு வந்திருக்க."

"ஆமாண்ணே," என்றான் பரஞ்சோதி.

"இதயாச்சும் உண்மையா சொன்னியே," என்று சுப்பிரமணியம் கையை நீட்டினார். "தூக்கு. அந்தக் கடிதத்த எடு உமா."

பக்கத்து வீட்டுக்காரரின் காடியில் போனார்கள். காரின் பின்சீட்டில் வழியெல்லாம் சுப்பிரமணியம் உடம்பு குலுங்க நடுங்கினார். பரஞ்சோதி அவர் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். துணியையும் மீறி அதன் சூடு தொடையில் ஏறியது. அவசரப் பிரிவில் டாக்டர் கட்டைப் பிரித்ததும் வேறு கேள்வி கேட்கவில்லை, உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். விரல் போவது உறுதி, கால் மிஞ்சுமா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்றார்.

உமாராணி கணவரின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தார். பரஞ்சோதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் எழுதினான். படத்தில் இருப்பது தன் தங்கை. அது அரசாங்க ஆஸ்பத்திரி. கட்டியது சங்கத்து இன்சூரன்ஸ், போட்டியில் விழுந்ததற்கு மட்டும். இதை அன்று எழுதாமல் விட்டது தன் தவறு. கார்டு எதுவும் வராது. அடையாள அட்டையை அனுப்பியவர்கள் போலீசில் சொல்லிவைக்கவும், நோயாளிகள் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவும். சந்தேகம் இருந்தால் கூப்பிடவும் என்று தன் நம்பரைப் போட்டான். இரண்டு தடவை படித்தான், முழுப் படத்தையும் சேர்த்து அனுப்பினான். தெரிந்த குழுக்களுக்கெல்லாம் தள்ளச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் நாலைந்து கட்டைவிரல் படம் வந்தது. அதற்குள் அந்தப் பழைய சேதியையே யாரோ ஒருவர் வேறொரு குழுவில் புதிதாகப் போட்டிருந்தார்.

கதவு இன்னும் திறக்கவில்லை. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. திகாம் பத்து என்ற ஊரிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"அண்ணே, நீங்க போட்டது உண்மையா? எங்கப்பா முன்ன சைக்கிள் ரேஸ் ஓட்டுனவரு. நெஞ்சுவலிக்கு ஆஸ்பத்திரியில சேரத் தேதி குடுத்திருந்தாங்க, கார்டு வரட்டும்னு போகாம இருக்காருலா."

பரஞ்சோதி எழுந்து நின்றுவிட்டான். "அப்பா இப்ப எங்கம்மா இருக்காரு?"

"உள்ள படுத்திருக்காரு. காலையிலேருந்து ஒரு மாதிரி வேர்க்குதுங்கறாரு."

"இப்பவே ஆம்புலன்ஸக் கூப்பிடும்மா. அப்பாவ நடக்க விடாதீங்க. கூப்பிட்டதும் எனக்கு அடிச்சுச் சொல்லு," என்றான். வைத்த பிறகும் கைப்பேசியைக் கீழே இறக்காமல், மூடிய கதவைப் பார்த்தபடி நின்றான்.