கண்ணுக்கென்று கொடுத்த ரத்தம்

என் வீட்டுக்காரர் பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை வந்து பல வருஷமாகிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைக் காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னால் நன்றாகத் தலையாட்டுவார், வாசல் தாண்டியதும் மறந்துவிடுவார். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பாப்பா விரிந்து சாயங்காலம்வரை வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது, ஒரு நாள் லீவு போகும். இதுதான் பெரிய காரணம். கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி கேன்டீனில் ஓர் ஆராய்ச்சிக் குழு வந்து உட்கார்ந்தது. சர்க்கரைக்காரர்களுக்குக் கண் கெடுவதற்கு முன்பே ரத்தத்தில் சில பொருள்கள் கூடுமாம், சில குறையுமாம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் கண்ணைத் தொடாமலே வியாதி வரப்போவது தெரிந்துவிடுமாம். சொட்டு மருந்து வேண்டாம், லீவு வேண்டாம், கையை நீட்டினால் போதும். யாருக்குக் கசக்கும்? சந்தாபுராவில் எங்கள் தெருவிலிருந்து அங்கே வேலைக்குப் போகிற சர்க்கரைக்காரர்கள் அத்தனை பேரும் கொடுத்தார்கள். இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான், ரிசல்ட் வராது என்று இங்கிலீஷிலும் கன்னடத்திலும் கடகடவென்று சொன்னார்களாம். சொல்லிவிட்டு, சர்க்கரைக்காரர்கள் கையில் ஆளுக்கொரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த அறிவை என்னவென்று சொல்வது!

எங்கள் பக்கத்து லேபில் ஒரு வழக்கம் உண்டு. சர்க்கரை தாறுமாறாக இருந்தால் அன்றைக்கே போன் செய்துவிடுவார்கள். போன் வராவிட்டால் பயமில்லை என்று அர்த்தம். பாதிப் பேர் ரிப்போர்ட் வாங்கக்கூடப் போவதில்லை. ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்துக்கும் எங்கள் தெருக்காரர்கள் அதே கணக்கைப் போட்டார்கள். கண்ணாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று நான் எப்போது ஆரம்பித்தாலும் இவரிடம் பதில் தயாராக இருந்தது.

"அதான் ரத்தம் குடுத்தாச்சே. கெட்டுப் போயிருந்தா போன் வந்திருக்காதா?"

ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வலது கண்ணுக்குள் ஒட்டடை தொங்குகிறது என்றார். துடைத்துத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. கண்ணாஸ்பத்திரிக்கு ஓடினோம், விழித்திரையில் ரத்தக் கசிவு என்றார்கள். இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். இடது கண்ணிலும் ஆரம்பித்திருந்ததை லேசர் வைத்து நிறுத்தினார்கள். முன்னாலேயே வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கம்பெனியில் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள்.

விடுவேனா? விசாரித்து, வைட்ஃபீல்ட் பக்கம் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு ஒரே கேள்விதான். இவர் ரத்தத்தில் அது தெரிந்ததா, இல்லையா? அங்கிருந்த டாக்டர் சின்னப் பெண், தமிழ் பேசினாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குறை சொல்ல முடியாது.

"குழாய்ல பேர் இருக்காதும்மா, நம்பர்தான். எது யாரோடதுன்னு எங்களுக்கே தெரியாது. இந்த டெஸ்ட் சரியா வருமான்னும் இன்னும் முடிவாகல."

நம்பர் போடுவது எங்கள் நன்மைக்குத்தானாம். யாருடைய வியாதியும் வெளியே தெரியக்கூடாதாம். ஊருக்குத் தெரிய வேண்டாம், சரி. உடம்புக்காரனுக்குமா தெரியக்கூடாது? கண் போனது நம்பருக்கா, மனுஷனுக்கா என்று கேட்டேன். அவள் தயங்கித் தயங்கி, இப்போதைய நிலைமையில் இன்னொரு தடவை ரத்தம் கொடுத்தால் ஆராய்ச்சிக்கு ரொம்ப உதவியாக இருக்கும் என்றாள். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. பக்கத்தில் பார்த்தால் இந்த மனுஷன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருக்கிறார்.

"குடுத்துட்டுப் போலாம். நாளைக்கு வர்றவனுக்காவது சொட்டு மருந்து இல்லாம தெரியட்டும்."

கொடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை என்றேன். ஆனால் அதற்கு முன்னால் ரத்தம் எடுத்த ஒவ்வொருவரிடமும் வந்து, இது கண் பரிசோதனை இல்லை, போய்க் கண்ணைக் காட்டுங்கள் என்று தமிழில் சொல்ல வேண்டும். மேலே அனுமதி கேட்க வேண்டும் என்றாள். இவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுவிட்டேன். அனுமதி வந்ததும் கூப்பிடுங்கள், ரத்தம் எங்கேயும் ஓடிவிடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அன்று சாயங்காலமே தெருவில் இறங்கினேன். முதல் வீட்டில், இவரோடு அதே கம்பெனியில் வண்டி ஓட்டுகிற ஆள் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போப்பா என்றேன். அவர் சிரித்தார்.

"அதான் ரத்தம் குடுத்தாச்சேக்கா."

பின்னால் நின்ற என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து, படி தட்டாமல் ஏற்றி, அவர் முகத்துக்கு நேரே நிறுத்தினேன்.

"இவரும்தாம்பா குடுத்தாரு."