தபால் படகின் விலை

“படிச்ச பொண்ணு தானே நீ? ஒரு அட்டப் பொட்டிக்கு இவ்ளோ துட்டு குடுத்துட்டு வந்து நிக்கிற?”

மாமா இதைக் கேட்டது திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு. பின்னால் புதூர்நாட்டுக்கு ஏறுகிற ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எல்லார் காதிலும் விழட்டும் என்றுதான் கேட்டார். அவர் அம்மாவின் தம்பி. மலைக்கும் டவுனுக்கும் ஜீப் ஓட்டுகிறவர். அவர் வண்டியில் ஒரு விஷயம் பேசப்பட்டால் மறுநாள் எல்லா ஊருக்கும் தெரிந்துவிடும்.

“உள்ள வெள்ளி கிள்ளி வெச்சிருக்கானாம்மா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். ஜீப்பே சிரித்தது.

என் மடியில் இருந்தது ஒரு வெளிநாட்டு டிவி தொடரின் முதல் பாகம். எட்டு சிடி. கெட்டி அட்டைப் பெட்டி, உள்ளே ஒரு சின்னப் புத்தகம். நான் டைப் அடிக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் வாங்கிய முதல் மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு அதற்குப் போயிருந்தது. அதை வாங்கிய சிடி கடையிலேயே அதே தொடர் திருட்டு சிடியாக, மெல்லிசான பிளாஸ்டிக் கவரில் ஒரு டீக்கும் பன்னுக்கும் ஆகிற காசுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் முதலில் எடுத்தேன். கடைக்காரர் பெட்டியைக் காட்டி, “அதுல படம் மட்டும்தாம்மா ஓடும். இதுலதான் கீழ எழுத்து வரும், தமிழ்லயும் வரும்” என்றார். நான் கவரை மாட்டிவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

எனக்கு அந்த எழுத்துதான் வேண்டும். என் தங்கைக்காக.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இரண்டாவது என் தங்கை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் மலைக்குக் கீழே ஒரு காது கேளாதோர் பள்ளியில், விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தாள். அங்கே போவதற்கு முன்பு நாங்களாக உண்டாக்கிக்கொண்ட கைச்சாடை கொஞ்சம்தான். சோறு, தண்ணி, மாடு, மழை, அப்பா. இன்னொன்றும் உண்டு. கையைத் தோளுக்குப் பின்னால் வீசிக் காட்டுவது. ‘அப்புறம்’ என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சாடை அதுதான்.

டிவி ஓடும்போது அவள் அம்மாவின் முழங்கையை இழுத்து “என்ன சொன்னாங்க?” என்று முகத்தால் கேட்பாள். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைத் தோளுக்குப் பின்னால் வீசுவாள். நானும் வீசியிருக்கிறேன். அந்த அப்புறம் வரும்போது இரண்டு மணி நேரக் கதை ஒரு சாடையாகச் சுருங்கியிருக்கும்: சண்டை. அல்லது: கல்யாணம். விடுதி முடித்து மலைக்குத் திரும்பிய பிறகு அவள் இழுப்பதை நிறுத்திவிட்டாள். டிவி போட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். புளி உடைப்பாள், வேலை இல்லாவிட்டாலும் எதையாவது உடைப்பாள். வீடு நிறைய ஆள் இருக்கும்போது அவள் மட்டும் வெளியே கிடப்பது என்னை அறுத்தது. அவளைத் திரும்ப உள்ளே உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

எங்கள் பக்கம் செல்போன் சிக்னல் மரத்தடிக்கு மரத்தடி மாறும். நெட்டில் படம் பார்ப்பதெல்லாம் டவுன்காரர்களுக்கு. எங்களிடம் இருந்தது மாமா பழசாக வாங்கிவந்து கொடுத்த ஒரு சிடி பிளேயர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் சிடியைப் போட்டோம். பனிக்கடலில் ஒரு தீவு. அங்கே தபால் படகு ஓட்டுகிற ஒரு பெண். அவள் புருசன் ஒரு நாள் படகில் போனவன் திரும்பவில்லை. இவள் வேறொரு படகில் ஏறி அவன் வேலையை எடுத்துக்கொள்கிறாள். பேச்சு என்ன பாஷையோ, எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. கீழே தமிழ் ஓடியது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத்து தெரியாது. மாமாவுக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவு தெரியும், இது ஓடுகிற வேகத்துக்கு ஆகாது. நான் சத்தமாகப் படித்துச் சொன்னேன். தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து தானே படித்தாள். பாதியில் எழுந்து போகவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

எட்டாவது ஞாயிறு, கடைசி சிடி பார்க்க வேண்டிய நாள், டவுனுக்குப் போய்த் திரும்பும்போது நான் ஏறிய வேறொரு ஜீப் வழியில் நின்றுவிட்டது. மூட்டை பாரம். நான் வீடு வந்து சேர்ந்தபோது தொடர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தங்கை டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திரையில் எழுத்து வர வர, கையாலும் முகத்தாலும் சொல்லிக்கொண்டிருந்தாள். படகு ஆடியது அவள் தோளில். அலை அவள் உள்ளங்கையில். அம்மா, அப்பா, மாமா மூன்று பேரும் டிவியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா குந்தியபடியே முன்னால் நகர்ந்து வந்திருந்தார்.

“ஏ இன்னாக்கா சொல்றா இவ? படகுல ஆளு இல்லியாமா?”

“சும்மா இரு, சொல்றா இல்ல!” என்றாள் அம்மா.

மாமா தங்கையின் பாவாடை ஓரத்தை இழுத்தார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையைத் தோளுக்குப் பின்னால் வீசினாள்.

அப்புறம்.

அந்தச் சாடையை அவள் மற்றவருக்குக் காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமா முணுமுணுத்துக்கொண்டே பொறுமையாக உட்கார்ந்தார். நான் உள்ளே போகவில்லை. கடைசி வரைக்கும் வாசலிலேயே நின்று என் தங்கை சொன்ன கதையைப் பார்த்தேன். நான் படித்துச் சொன்னதைவிட நன்றாக இருந்தது.

அன்றைக்குத்தான் பெட்டியைக் கையில் எடுத்து முதல் தடவையாக யோசித்தேன். இந்த எழுத்தை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நாங்கள் இங்கே இருக்கிறோம் என்றே தெரியாத யாரோ. சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. டவுனுக்குப் போனதும் இரண்டு கேள்வி எழுதிப் போட்டேன். இந்தப் பெட்டி ஏன் இவ்வளவு விலை? இரண்டாம் பாகம் எப்போது வரும்? முதல் பாகம் காலிப் படகு கரை ஒதுங்குவதோடு முடிந்திருந்தது. புருசன் செத்தானா இல்லையா என்று அம்மா தினம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதில் வராது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து நீளமாக வந்தது. அந்தக் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு அம்மா எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை படித்துவிட்டு, வீட்டில் வந்து தமிழில் சொன்னேன். தங்கைக்குக் கையாலும் சொன்னேன்.

தொடரில் வருகிற ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டுமாம். டிவியில் போட வாங்கிய அனுமதி சிடியில் போடச் செல்லாதாம்.

“இதுல இன்னா அதிசியம்?” என்றார் மாமா. “என் வண்டிக்குப் பர்மிட்டு இல்லியா? இந்த ரோட்டுக்கு வாங்குனது அந்த ரோட்டுக்குச் செல்லாது.”

படத்தைத் தூசி துடைத்துப் புதுசாக்க ஒரு கூட்டம். ஒவ்வொரு மொழிக்கும் எழுதுகிறவர் ஒருத்தர். உதடு அசைகிற நேரத்துக்கு எழுத்து வருகிறதா என்று பொருத்துகிறவர் ஒருத்தர். எல்லாம் முடிந்ததும் எட்டு சிடியையும் முதலிலிருந்து கடைசி வரை, மொழிக்கு ஒரு தடவையாகப் பார்த்துப் பிழை தேடுகிறவர் ஒருத்தர். இத்தனையும் செய்துவிட்டு அச்சடிப்பது கொஞ்சம் பெட்டிதானாம். ஊர் உலகம் நெட்டில் பார்க்கிறது. அதனால் முழுச் செலவும் பெட்டி வாங்குகிற கொஞ்சம் பேர் தலையில் விழுகிறது.

அம்மா பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத்தினி பேர் வேலயா இதுக்குள்ள கீது?” என்று கேட்டு, அதுவரை அடுப்புப் பக்கத்தில் கிடந்ததை எடுத்துப்போய் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. இரண்டாம் பாகம் தயாராகிறது, ஆனால் அதில் தமிழ் இருக்காது என்று அந்த அம்மா எழுதியிருந்தார்கள். தமிழுக்காக வாங்கியவர்கள் மிகக் குறைவு. முதல் பாகத்துக்கு எழுதியவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். தங்கை மறுபடி வெளியே போய் உட்கார்ந்து புளி உடைப்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் எழுதினேன்: நான் டிகிரி படித்தவள், தமிழ் டைப் தெரியும், ஆங்கிலம் தெரியும், நான் எழுதிப் பார்க்கட்டுமா? அந்த அம்மா மறுக்கவில்லை. வாக்குக் கொடுக்கவும் இல்லை. இரண்டாம் பாகத்தின் முதல் எபிசோடையும் அதன் ஆங்கில எழுத்துகளையும் அனுப்பி, பத்து நிமிடத்துக்கு எழுதிக் காட்டுங்கள், நன்றாக இருந்தால் மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார்கள்.

சென்டர் முதலாளியிடம் கேட்டு ஒரு பழைய லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பத்து நிமிடம்தானே என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆனது. ஒருத்தி “போ” என்கிற நேரத்துக்குள் நான் “இங்கிருந்து போய்விடு” என்று எழுத முடியாது. இருவர் சேர்ந்து கத்தினால் யார் பேச்சை விடுவது? பிறகு சத்தம். கதவு தட்டுவது, நாய் குரைப்பது, இன்ஜின் இருமுவது. என் தங்கைக்காக எழுதுகிறேன் என்பதால் ஒன்றையும் விடக்கூடாது என்று எல்லாவற்றையும் எழுதினேன். காற்று வீசுகிறது. தூரத்தில் பறவை. தரைப்பலகை முனகுகிறது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. எழுதி முடித்தபோது பெருமையாக இருந்தது.

தங்கையை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் உள்ளங்கையால் திரையின் கீழ்ப்பாதியை மறைத்தாள். மேலே தெரிந்த படகுக்காரியின் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அவள் சொன்னது இது: நீ எழுதியதைப் படித்தே நேரம் போய்விட்டது, இவள் அழுததை நான் பார்க்கவில்லை.

முதல் பாகத்துக்கு எழுதியவர் எத்தனை வார்த்தைகளைப் போடாமல் விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பழைய சிடியை மறுபடி போட்டு எழுத்தை மட்டும் கவனித்தேன். காலிப் படகு கரை ஒதுங்குகிற இடத்தில் முழுதாக ஒரு நிமிடம், ஒரு எழுத்துகூட இல்லை. அந்த ஒரு நிமிடத்தில்தான் அன்றைக்கு என் தங்கையின் தோளில் படகு ஆடியிருக்கும்.

இருவரும் சேர்ந்து வெட்டினோம். அவள் கையை உயர்த்தினால் அந்த வரி அதிகம். பறவை போனது, கெட்டில் போனது. கதவு தட்டுவதை மட்டும் இருக்கட்டும் என்றாள், அதற்கு அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாள் இல்லையா, காரணம் வேண்டும் என்றாள். ஒரு மத்தியானம் முழுக்க ஒரே வரிக்காகச் சண்டை போட்டோம். அவள் ஜெயித்தாள்.

மாமா எட்டிப் பார்த்தார். “இன்னும் பத்து நிமிசம் முடியலியா? நான் நாலு நடை போய்ட்டு வந்துட்டேன்.”

“நீங்க ஓட்டுறது தெரிஞ்ச ரோடு மாமா.”

“சரி சரி. அவ புருசன் இருக்கானா இல்லியா, அத மட்டும் சொல்லு.”

தங்கை அவருக்குக் கையைத் தோளுக்குப் பின்னால் வீசினாள்.

போன திங்கட்கிழமை பத்து நிமிடத்தையும் அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அவர்கள் என்ன சொன்னாலும் அம்மாவுக்குக் கதை தெரிந்தாக வேண்டும், என் தங்கை சொல்லித் தெரிந்தாக வேண்டும். அதனால் நான் காத்திருக்கவில்லை. அந்த எபிசோடில் பதினோராவது நிமிடத்திலிருந்து இருபத்தி மூன்றாவது நிமிடம் வரை எழுதி முடித்துவிட்டேன்.